பத்து நாளுக்கு ஒரு தண்ணீர், பத்து நாளில் ஒரு கொசு

கடந்த ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. நொய்யல் கரையை ஒட்டிய அருந்ததியர் காலனி ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், டெங்குவில் விழுந்து மருத்துவமனையிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவளுடைய அம்மா எங்களிடம் முதலில் நீட்டியது மருத்துவமனைச் சீட்டை அல்ல, ஒரு நோட்டீஸை. வீட்டுத் தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு இருந்தது, ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேட்கிற அச்சடித்த தாள் அது.

"ஏனுங்க, புள்ளையையும் ஆஸ்பத்திரியில போட்டுட்டு நான் தண்டமும் கட்டோணுமுங்களா? பத்து நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வுடறாங்க. புடிச்சு வெக்காம என்னங்க பண்றது?" என்றார்.

புழுவைக் கண்டுபிடித்தவரும் அங்கேதான் நின்றிருந்தார். அடுத்த வீதியில் குடியிருப்பவர். தினக்கூலிக்கு வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூந்தொட்டி என்று டார்ச் அடித்துப் பார்க்கிற கொசு ஒழிப்புப் பணியாளர். டி.பி.சி. என்று சொல்வார்களே, அந்த வேலை. "எழுதலீன்னா எனக்கு வேலை போயிருமுங்க. எழுதுனா எங்க சின்னம்மா மூஞ்சீல முழிக்க முடியறதில்லைங்க" என்றார். நோட்டீஸ் வாங்கிய அம்மா அவருக்குச் சின்னம்மா முறை.

இந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் சண்டை மூட்டிவிட்டது கொசுவா, தண்ணீரா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

அழுக்கில் பிறக்காத கொசு

டெங்கு என்றவுடன் ஊரார் பார்வை திரும்புகிற இடம் நமது காலனிதான். சேரி என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் கொசு, கொசு என்றால் காய்ச்சல் என்று ஒரு கணக்கு பொதுப்புத்தியில் படிந்து கிடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு அறிவியலில் நிற்காது.

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுத்த உடல், காலிலும் முதுகிலும் வெள்ளை வரிகள். இரவில் காதோரம் ரீங்காரமிடுகிற கொசு இதுவல்ல. விடிந்த சில மணி நேரத்துக்குள்ளும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரத்திலும்தான் இது அதிகம் கடிக்கும். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. யானைக்கால் நோயைப் பரப்புவது அது. ஏடிஸ் தேடுவதோ தெளிந்த, அசையாத நீர். நாம் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்திருக்கிற அதே நல்ல தண்ணீர்.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என்று கழிவுநீர் கலக்கிற நமது நொய்யல் குளங்களைக் காட்டி, டெங்கு அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குளங்களைக் காப்பாற்ற வேறு நூறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் டெங்குக் கொசுவின் தொட்டில் குளமல்ல. வீட்டுக்குள் இருக்கிற டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டை மாடியில் கிடக்கிற டயர். இவைதான் அதன் தொட்டில்.

அது தொலைதூரம் பறக்கிற கொசுவும் அல்ல. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிந்துவிடும். எனவே ஒரு வீதியில் டெங்கு பரவினால், அந்த வீதியிலோ பக்கத்திலோ தேங்கிய நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீர் ஏன் தேங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

கொசுவின் நாள்கணக்கு

பெண் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். கறுப்பு மிளகுத் தூள் தூவியது போல இருக்கும். தண்ணீர் மேலேறி முட்டையைத் தொட்டால் புழு வெளிவரும். புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு கொசுவாகிப் பறக்க நமது ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிப்போனாலும் முட்டை சாகாது. பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டவுடன் உயிர்க்கும்.

அதனால்தான் சுகாதாரத் துறை, "வாரம் ஒருநாள் பாத்திரங்களைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பிறகு நிரப்புங்கள்" என்று சொல்கிறது. சரியான அறிவுரை. அதில் ஒரு எழுத்தைக்கூட நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரைக்கு அடியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் வரவேண்டும் என்பதுதான் அது.

குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீட்டில், ஏழாம் நாள் டிரம்மைக் கவிழ்த்தால் எட்டாம் நாள் குடிக்க என்ன இருக்கும்? தண்ணீர் விடுகிற இடைவெளியும் கொசு வளர்கிற இடைவெளியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பத்து நாளில் ஒருமுறை தண்ணீர் விடுகிற நிர்வாகம், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு தலைமுறைக் கொசு வளர்வதற்கான காலத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறது.

கோவைக்காரர்களுக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற பிரிவைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிறுவாணியும், பில்லூரிலிருந்து வருகிற பவானி ஆற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணி. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணீர் அடிக்கடி வரும், துணி துவைக்க ஆகும், தினமும் தீரும். நல்ல தண்ணீர்தான் எண்ணி எண்ணிச் செலவழிக்கப்படுகிறது. சித்திரை வைகாசியில் சிறுவாணி அணை இறங்கும்போது அந்த இடைவெளி இன்னும் நீளும். மழையே இல்லாத கோடையிலும் வீட்டுக்குள் இருக்கிற டிரம்மில் கொசு உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம். ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் வந்து வெளியே கிடக்கிற டயரையும் கப்பையும் நிரப்பும்போது, டிரம்மில் பிழைத்துக் கிடந்த கொசு ஊரெல்லாம் பெருகுகிறது. டெங்கு மழைக்காலத்தில் தலைதூக்குகிறது என்றாலும் அதன் வித்து கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் கிடக்கிறது.

வசதியுள்ள வீடுகளிலும் தண்ணீர் சேமிக்கிறார்கள். ஆனால் அங்கே நிலத்தடியில் மூடிய சம்ப் இருக்கிறது, மாடியில் மூடிய தொட்டி இருக்கிறது, இடையில் மோட்டார் இருக்கிறது. நமது வீட்டில் இருப்பது சாயப்பட்டறையிலிருந்து பழைய விலைக்கு வாங்கிய நீல டிரம். அதற்கு மூடி கிடையாது. இருநூறு லிட்டர் நிரம்பிய டிரம்மைக் கவிழ்க்க ஒரு ஆளால் முடியாது. கவிழ்த்தால் கொட்டுவது பத்து நாள் குடிநீர்.

மற்ற நாடுகள் சொல்வது

இது நமது கற்பனையல்ல. டெங்குவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உள்ள உறவை வியட்நாமில் ஆராய்ந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வு, நெரிசலான மாநகர மையத்தைவிட, குழாய்த் தண்ணீர் வசதி இல்லாத கிராமங்களிலும் நகர ஓரங்களிலும் டெங்கு அபாயம் அதிகம் என்று காட்டியது. குழாய் இல்லாத இடத்தில் மக்கள் ஜாடிகளிலும் தொட்டிகளிலும் நீரைச் சேமிக்கிறார்கள். சேமித்த நீரில் கொசு வளர்கிறது.

இன்னொரு செய்தி அமெரிக்க எல்லையிலிருந்து. ரியோ கிராண்டே ஆற்றின் ஒரு கரையில் டெக்சாஸ் மாநிலத்து லாரெடோ நகரம், மறுகரையில் மெக்சிகோவின் நுவேவோ லாரெடோ. 1999இல் டெங்கு பரவியபோது இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஏடிஸ் கொசு அதிகம் இருந்தது அமெரிக்கக் கரையில். டெங்கு அதிகம் வந்ததோ மெக்சிகோ கரையில். அமெரிக்க வீடுகளில் குளிர்சாதனமும் மூடிய சன்னலும் இருந்தன. மறுகரையில் அவை குறைவு. கொசுவின் எண்ணிக்கை மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை, மனிதர் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது.

ஓர் ஆறு இரண்டு நாடுகளைப் பிரித்தால் அதை ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு வீதி ஊரையும் காலனியையும் பிரிக்கிற நமது கொங்குச் சீமையில் அப்படியொரு ஒப்பீட்டைச் செய்ய யாருக்காவது மனம் வருமா?

கடித்தது எங்கே?

மத்திய அரசின் கணக்குப்படி 2017இல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் இருப்பது நோயாளியின் வீட்டு முகவரி. காய்ச்சல் எங்கே பதிவாகிறதோ அங்கே புகை அடிக்கிறார்கள், அங்கேதான் நோட்டீஸும் போகிறது. ஆனால் இந்தக் கொசு கடிப்பது பகலில் என்று பார்த்தோம். பகலில் நமது மக்கள் காலனியிலா இருக்கிறார்கள்?

தூய்மைப் பணியாளர் விடியும் முன்னே கிளம்பி, வெயில் ஏறும்வரை பங்களா வீதிகளில் குப்பை வாங்குகிறார். கட்டடத் தொழிலாளி, கான்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிய தளத்தில் நிற்கிறார். இன்னொருவர் பழைய இரும்புக் கடையில், இன்னொருவர் பனியன் கம்பெனியில், இன்னொருவர் தென்னந்தோப்பில். கொசு எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் ஏறுவது காலனியின் பெயர் மட்டும். அடுத்த நாள், "அந்தப் பக்கம் டெங்குவாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதைச் சொல்லி வீட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கொசு ஒழிப்பு அறிவிப்புப் பலகைகளில் தவறாமல் இடம்பெறுகிற இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று தேங்காய்த் தொட்டி, மற்றொன்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற கப். இரண்டையும் பார்க்கும்போது நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. நமது தாத்தன் பாட்டிமாருக்கு இந்தச் சீமையில் டீயும் தண்ணியும் ஊற்றப்பட்டது தேங்காய்த் தொட்டியில்தான். பிறகு தனிக் குவளை வந்தது. இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தபிறகு, சில டீக்கடைகளில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்கு மட்டும் தூக்கி எறிகிற கப் என்று ஆனது. கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற அந்தக் கப்புகளில் மழைநீர் தேங்குகிறது. தீண்டாமையின் குப்பையிலும் கொசு முட்டையிடுகிறது. கடித்தால் அது டம்ளரில் குடித்தவரையும் கடிக்கும்.

குளக்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட நமது மக்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். குடிசை போய் மாடி வந்தால் டெங்கு தானாகப் போய்விடாது. தண்ணீர் வந்தவுடன் மூன்றாம் மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கி நிரப்பி வைக்கிற நிலை இருக்கும்வரை, மாடியிலும் டிரம் இருக்கும், டிரம்மில் புழு இருக்கும்.

காய்ச்சல் விட்ட நாள்

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். மூன்று நாள் கடுமையான காய்ச்சல். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. அம்மாவுக்கு நிம்மதி. ஏற்கெனவே மூன்று நாள் கூலி போயிருந்தது, அதனால் அன்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் பிள்ளைக்கு ஓயாத வாந்தி, வயிற்று வலி, கைகால் சில்லிட்டுப் போனது. பக்கத்து வீட்டார் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தேறினாள்.

இதை எல்லாக் காலனியிலும் சொல்லுங்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரமல்ல, காய்ச்சல் இறங்குகிற நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுகிறது. விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைதான். வலிக்கென்று மருந்துக்கடையில் ஆஸ்பிரின், புரூஃபன் வாங்கக் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் விடாமல் கொடுக்கவேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். ஆனால் அதை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடக் கூடாது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் நோய் தீவிரமாகிற வாய்ப்பு அதிகம். "எனக்குத்தான் ஒருதடவ வந்துருச்சே" என்று இருந்துவிடக் கூடாது.

இந்த அறிவுரைகளும் கூலியில் வந்து முட்டுகின்றன. காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளையோடு அம்மா இருக்கவேண்டும் என்று சொல்வது எளிது. அந்த நாளுக்கு விடுப்பும் கூலியும் யார் கொடுப்பது? ஒப்பந்தத் தொழிலாளிக்கு நோய்க்காலச் சம்பளம் என்பது கனவு. 2022 அக்டோபரில் கோவையின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதை வெறும் கூலிச் சண்டை என்று பார்த்தவர்கள் உண்டு. டெங்குக் காலத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

சட்டத்தின் இரண்டு அத்தியாயங்கள்

கொசு வளரத் தண்ணீர் தேக்கி வைத்தால் நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலிருந்தே வருகிறது. சென்னை மாகாணமாக இருந்தபோது வந்த சட்டம் அது. கொசு ஒழிப்புக்கென்று அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. அதே சட்டத்தில் குடிநீர் வழங்கலுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் பேரில் நமது வீட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் பேரில் யாருக்கு நோட்டீஸ் போகிறது?

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம் அது. இன்று குழாய் நமது வாசலுக்கு வந்துவிட்டது. அதில் எந்த நாளில் தண்ணீர் வரும் என்று கேட்பது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

நமது கோரிக்கைகள் பெரியவை அல்ல. நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்று கணக்கெடுக்கிற அதே படிவத்தில், அந்த வீதிக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்த தேதியையும் எழுதவேண்டும். இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டிய வீதியில் அபராதம் கூடாது. தண்ணீர் லாரி அனுப்பட்டும், டிரம்முக்கு இறுக்கமான மூடியோ துணி வலையோ இலவசமாகக் கொடுக்கட்டும். கட்டட வேலைத் தளம், டயர் கடை, பூட்டிக் கிடக்கிற பங்களா ஆகியவற்றில் காலனியில் காட்டுகிற அதே கண்டிப்பு வேண்டும். காய்ச்சல் முகாம் காலை பத்து மணிக்கு வேண்டாம், வேலைக்குப் போனவர் திரும்பிய மாலையில் நடத்தவேண்டும். ஆண்டுக்கணக்கில் தினக்கூலிக்கு உழைக்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்களை நிரந்தரமாக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் இருக்கிறது. தண்ணீர் தீர்ந்த அன்று டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கவிழ்த்தால் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். வேட்டித்துணி மடித்துக் கட்டி டிரம்மை மூடுங்கள். டி.பி.சி. பெண்கள் ஊற்றுகிற மருந்து சரியான அளவில் ஊற்றப்படுவது, வாடை வருகிறது என்று கொட்டிவிடாதீர்கள். அவர்கள் நமது பிள்ளைகள், எதிரிகள் அல்ல.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. தண்ணீர் வந்த நாள்களை அந்த அம்மா பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். சீட்டுப் பணம் கட்டுகிற நாளைக் குறிப்பது போல, பழக்கத்தில் செய்தது. இரண்டு மாதத்தில் ஆறு வட்டம். நோட்டீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அந்த ஆறு தேதிகளையும் வரிசையாக எழுதினோம். "இந்த நாள்களில் மட்டுமே எங்கள் வீதிக்குத் தண்ணீர் விடப்பட்டது" என்று கீழே ஒரு வரி. தேதிகளைச் சரிபார்த்துச் சொன்னவர் அந்த டி.பி.சி. பெண்தான். அம்மா கையெழுத்துப் போட்டார், அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்தோம். அபராதம் கட்டச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை. தண்ணீர் இடைவெளியும் குறையவில்லை.

இதைப் படிக்கிற ஒவ்வொரு காலனியிலும் ஒரு வீட்டிலாவது இன்றிலிருந்து காலண்டரில் வட்டமிடத் தொடங்குங்கள். அடுத்த ஐப்பசி வருவதற்குள் அந்தத் தேதிகளோடு நாம் சேர்ந்து போய் நிற்கவேண்டிய இடம் இருக்கிறது.